லாபம், ரெண்டு, மூணு

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திட்ட அதிகாரி மேடம். தேனியிலிருந்து ஜீப்பில் வந்தவர்கள். அறையில் ஒரே நாற்காலி. அதில் அவர்கள்.

மேற்பார்வையாளர் மெகருன்னிசா மேடம். உத்தமபாளையத்துக்காரர். தரையில்.

ஜோதி டீச்சர். எங்கள் அங்கன்வாடியின் பணியாளர். வேலைக்குப் புதிது. நின்றுகொண்டிருந்தார்.

யாழினி. ஐந்து வயது. பாயில், தட்டுக்கு முன்னால்.

செல்வி. யாழினியைப் பெற்றவள். திராட்சைத் தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்தவள். சுவரோரம்.

கவின். மூன்று வயது. சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டிய நேரம். தூங்கவில்லை.

திவ்யா. ஒன்பதாம் வகுப்பு. கவினின் அக்கா. சத்து மாத்திரை வாங்க வந்தவள், போகாமல் நின்றுவிட்டாள்.

பேச்சியம்மாள். ஐம்பத்தெட்டு வயது. மூன்று மணிக்குத் தொடங்கும் பெரியவர்கள் வகுப்புக்கு ஒரு மணிக்கே வந்து, வாசற்படியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார்.

நான். உதவியாளர் பஞ்சவர்ணம். பிள்ளைகளுக்கு ஆயாம்மா. கையில் புளியங்கொட்டைக் கூடை.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த உதவியாளர் பிள்ளைகள் சுற்றிக்கொண்டார்கள். "அக்கா, அந்தப் பேனா மூடி கதையச் சொல்லுங்க." சொன்னேன். "எழுதிக் குடுங்கக்கா" என்றார்கள். அவர்கள் கைபேசியைக் காட்டினார்கள். பிள்ளைக்கு எண்ணத் தெரியுமா என்று அதில் ஒரு கேள்வி. அதற்குக் கீழே சரி, தவறு என்று இரண்டு பொத்தான். அழுத்தினால் அடுத்த பிள்ளை வந்துவிடுகிறது. வசதிதான். எங்கள் காலத்தில் அதற்கு நடுவில் ஒரு கேள்வி இருந்தது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்தது அல்லிநகரம். ஐந்தாவது வரை படித்தேன். கல்யாணம் ஆகி காமயகவுண்டன்பட்டிக்கு வந்தேன். வேலை கிடைத்ததும் பயிற்சிக்குப் போனேன். கை கழுவ வைப்பது, பருப்பு வேகவைப்பது, எடை பார்ப்பது. எல்லாம் சொன்னார்கள். கணக்கைப் பற்றிப் பேச்சே இல்லை. கணக்கை மெகருன்னிசா மேடத்திடம்தான் பார்த்தேன்.

அவர் முதல் தடவை வந்தபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். செருப்பை வாசலில் விட்டார். கைப்பையை நாற்காலியில் வைத்தார். தான் தரையில் உட்கார்ந்தார்.

"மேடம், நாற்காலி..."

"பை உக்காரட்டும். பிள்ளை கண்ணு எங்கன இருக்கோ அங்கனதான் என் கண்ணும் இருக்கணும்."

அவர் சரி என்று சொல்ல மாட்டார். தப்பு என்றும் சொல்ல மாட்டார். பிள்ளை விடை சொன்னதும் ஒரே கேள்வி. "எப்படி வந்துச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். நான் போட்டு வைத்த டீ ஆறும். ஏடு படியும். அப்போதும் பேச மாட்டார். எங்களையும் பேச விடமாட்டார், ஒரு விரலைத் தூக்குவார். ஒரு தரம் பொறுக்க முடியாமல் நான் விடையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். என் பக்கம் திரும்பினார். "சரி பஞ்சவர்ணம், உங்களுக்கு எப்படி வந்துச்சு?" எனக்குச் சொல்ல வரவில்லை. ஏழும் ஐந்தும் பன்னிரண்டு என்று தெரியும். எப்படி வந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு நான் குறுக்கே பேசியதில்லை.

கொட்டைகள் என் பொறுப்பு. புளியங்கொட்டையைக் கழுவி, காயவைத்து, சொத்தை பொறுக்கி, கூடையில் வைத்திருப்பேன். எவர்சில்வர் தட்டில் ஒரு துணியை விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொட்டை உருளும் சத்தத்தில் பிள்ளையின் கவனம் போய்விடும். கொட்டைகளை ஒரே வரிசையில், ஒரு விரல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். முதலில் ஒன்று. எடுத்துவிட்டு இரண்டு. இப்படி ஐந்து வரை. பிள்ளை விரலால் தொட்டு எண்ணிச் சொல்ல வேண்டும். எடுக்கக் கூடாது. இது எங்கள் மையத்துச் சட்டம். ஒரு பிள்ளை கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொள்ள, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அன்று வந்த சட்டம்.

அந்த ஒரே அறையில் மூன்று வகுப்பு நடக்கும். காலையில் சின்னப் பிள்ளைகள். சனிக்கிழமை வளரிளம் பெண்கள், மாத்திரைக்கும் கொஞ்சம் பாடத்துக்கும். மத்தியானம் மூன்று மணிக்குத் தோட்ட வேலை முடித்து வரும் பெரிய பெண்கள், எழுத்துக்கும் கணக்குக்கும். கொட்டைக் கூடை ஒன்றுதான். எல்லாருக்கும் அதையே எடுத்து வைப்பேன். அதனால் எனக்கு ஒரு வசதி. மூன்று வயதும் ஐம்பத்தெட்டும் ஒரே கொட்டையை எப்படிப் பார்க்கிறது என்று பார்க்கக் கிடைத்தது.

கவினுக்கு இரண்டு வரிசை வைத்தேன். மேலே ஐந்து, கீழே ஐந்து, நேர்நேராக. "ரெண்டும் ஒன்னு" என்றான். அவன் கண்ணெதிரிலேயே கீழ் வரிசையை அகட்டி வைத்தேன்.

"இப்ப?"

"இங்கன நெறய." கீழ் வரிசையைக் காட்டினான்.

"எப்படி வந்துச்சு?" என்றார் மேடம்.

"இது காலை நீட்டிப் படுத்திருக்கு."

ஜோதி டீச்சர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. "நாம எத்தனைன்னு கேட்டோம். அவன் எம்புட்டு நீளம்னு பதில் சொல்லிருக்கான். அவன் கேள்விக்கு அவன் சொன்னது சரி" என்றார்.

நான்கு வயதில் அது மாறுகிறது. ஒரு பெண்பிள்ளை ஆறு கொட்டையைத் தொட்டுத் தொட்டு ஆறு வரை ஒழுங்காக எண்ணியது. "எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணியது. "சரி, எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாம் தரம் அதற்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத்தான எண்ணுனேன்? உங்களுக்குக் காது கேக்காதா ஆயாம்மா?" எண்ணுகிற வேலையும் எத்தனை என்பதும் அந்த வயதுக்கு ஒட்டவில்லை. ஆறு மாதம் கழித்து ஒட்டியது. ஒட்டிய நாளில் அதுவே வந்து சொன்னது. "ஆயாம்மா, கடைசியாச் சொன்னதுதான் எத்தனை!" அன்றைக்கு மேடம் எல்லாருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

திவ்யா வேறு ரகம். ஒரு சனிக்கிழமை ஜோதி டீச்சர் பலகையில் ஒரு கணக்கு எழுதினார். ஒரு திராட்சைப் பந்தலில் ஆறு பேர் நான்கு நாளில் பழம் வெட்டி முடிப்பார்கள். மூன்று பேர் என்றால் எத்தனை நாள்?

திவ்யா கை தூக்கினாள். "டீச்சர், இது பெருக்கலா வகுத்தலா?"

"நீயே யோசி."

"வகுத்தல். ரெண்டு நாள்."

வாசற்படியில் உட்கார்ந்திருந்த பேச்சியம்மாளுக்குத் தாங்கவில்லை. "ஏ பிள்ள, ஆளு பாதியாப் போனா வேலை வெரசா முடிஞ்சிருமா? எங்க தோட்டக்காரர்ட்டப் போய்ச் சொல்லிராத. நாளைக்கே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிருவாரு."

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். திவ்யாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அப்ப பெருக்கல்" என்றாள்.

மெகருன்னிசா மேடம் அன்று இருந்தார். "வகுத்தல்னு எப்படி வந்துச்சு திவ்யா?"

அவள் யோசித்துச் சொன்னாள். "பெருக்குனா பெருசா வரும். வகுத்தா சின்னதா வரும். கணக்குல ஆறு மூணாக் குறைஞ்சிருக்கு. அதான் வகுத்தேன் மேடம். பந்தலை நான் பார்க்கல."

"பேச்சிம்மா, உங்களுக்கு ஒன்னு. அதே பந்தல். இருபத்துநாலு பேரு வந்தா?"

"முடியாது."

"ஏன்?"

"ஒரு பந்தலுக்குள்ள இருவத்துநாலு பேரு நின்னா ஒருத்தி கத்திரி ஒருத்தி காதுல விழும். பழம் எங்க வெட்டுறது? சண்டைதான் நடக்கும்."

"பெரியம்மா, இது கணக்குல வர்ற பந்தல்" என்றாள் திவ்யா.

"அங்கன கூலி யாருடி குடுப்பா?"

ஒருத்தி பந்தலையே பார்க்கவில்லை. ஒருத்தி பந்தலை விட்டு வெளியே வரவில்லை. மேடம் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அன்று முதல் சனிக்கிழமைகளில் அவர்கள் ஜோடி.

பேச்சியம்மாளிடம் இன்னொரு விசேஷம் இருந்தது. நாற்பத்து மூன்று பெட்டி பழம் போகவேண்டும், இருபத்தெட்டு கட்டியாயிற்று, மிச்சம் எத்தனை என்று கேட்டோம். சிலேட்டில் மேலும் கீழுமாக எழுதினார். மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் ஐந்து. நான்குக்கும் இரண்டுக்கும் நடுவில் இரண்டு. இருபத்தைந்து என்று காட்டினார்.

"சிலேட்ட வைங்க. வாயில சொல்லுங்க" என்றார் மேடம்.

"இருவத்தெட்டோட ரெண்டு போட்டா முப்பது. ஒரு பத்து, நாப்பது. ஒரு மூணு. பதினஞ்சு பெட்டி."

"சிலேட்டுல இருவத்தஞ்சு இருக்கே?"

பேச்சியம்மாள் சிலேட்டைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார். "அது சிலேட்டுக் கணக்கு மேடம். இது பெட்டிக் கணக்கு."

இரண்டும் ஒரே கணக்கு என்று அவருக்குப் படவில்லை. எழுதுவது பள்ளிக்கூடத்துக்காரர்கள் செய்வது, அதற்கு வேறு விடை வரலாம் என்று நினைத்திருந்தார். வெகுநாள் அப்படியே இருந்தார்.

இனி யாழினி.

யாழினி அதிகம் பேசாத பிள்ளை. சாப்பிடும், விளையாடும், தூங்கும். கேட்டால் பதில் வராது. அப்பா முருகேசன் தோப்புத் தோப்பாகத் தேங்காய் வேலைக்குப் போகிறவர். செல்வி விடிவதற்குள் திராட்சைக்குப் போய்விடுவாள். லீவு நாளில் பிள்ளை அப்பாவோடு தோப்பில் கிடக்கும்.

ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டிய பிள்ளை. அதற்கு முன் தட்டு வைத்தோம்.

ஒரு கொட்டை வைத்தேன். பிள்ளை தட்டைப் பார்த்தது. வாய் திறக்கவில்லை.

இரண்டு வைத்தேன். "லாபம்" என்றது.

மூன்று வைத்தேன். "லாபம்."

நான்கு. "ரெண்டு."

ஐந்து. "ரெண்டு."

ஜோதி டீச்சர் ஐந்துக்கும் தப்பு என்று பெருக்கல் குறி போட்டார். வேறு என்ன போடுவார். லாபம் என்றால் ஒன்று என்பது எனக்கும் தெரியும். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். கேட்டிருக்கிறேன். ஆனால் ஒன்றுக்கு வாய் திறக்காத பிள்ளை இரண்டுக்கு லாபம் என்றது. மூன்றுக்கும் அதையே சொன்னது. எங்கேயோ கேட்ட சொல்லை உளறுகிறது என்று நினைத்தோம். மறு வாரமும் வைத்தோம். அதே ஐந்து பதில். மெகருன்னிசா மேடம் வந்து "எப்படி வந்துச்சு தங்கம்?" என்று கேட்டுக் காத்திருந்தார். பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. டீ ஆறியது. ஒன்றும் வரவில்லை. அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

மேலே எழுதிப் போயிற்று. அதிகாரி மேடம் வந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் தோன்றினால் பிள்ளையைத் தேனிக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். இந்த ஜூனில் பள்ளிக்கூடம் கிடையாது.

அதிகாரி மேடம் வருவதற்கு முந்தின நாள் செல்வி என்னைத் தேடி சமையற்கட்டுக்கு வந்தாள். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து ஒன்றை எடுத்து உரித்தாள்.

"அக்கா, மந்தம்னு பேரு வச்சிட்டாக."

"யாரு?"

"வீட்டுலயே. இப்பவே எங்க மாமியா, அது வீட்டுல கெடக்கட்டும், தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் பழக்குங்கிறாக. தேனிக்குப் போயிட்டு வந்தா அதையே ஊரும் சொல்லும். பெறகு யாரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவா?"

"உனக்கு என்ன தோணுது?"

"எம் பிள்ளைக்குத் தெரியும்க்கா. என்ன தெரியும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

முட்டை முடிந்தது. போய்விட்டாள்.

மறுநாள்தான் மேலே சொன்ன ஆட்கள் அந்த அறையில் இருந்தது. முருகேசன் இல்லை. கேரளாவுக்குப் போகிற லோடு ஏற்றப் போயிருந்தார்.

அதிகாரி மேடம் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். பெயர் கேட்டார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். நான் தட்டு வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. வாய் மூடல், லாபம், லாபம், ரெண்டு, ரெண்டு. செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். அவர்கள் அடுத்து தேவாரம் மையத்துக்குப் போகவேண்டும்.

அதிகாரி மேடம் பேனாவைத் திறந்து எழுதப் போனார்கள்.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் மெகருன்னிசா மேடம். பிள்ளை பக்கம் நகர்ந்தார். "யாழினி, ரெண்டுன்னு சொன்னல்ல. எப்படி வந்துச்சு?"

விரலைத் தூக்கினார். அதிகாரி மேடமும் பேனாவை மூடிவிட்டார்கள்.

பிள்ளை தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. எடுக்கக் கூடாது என்ற சட்டம் அதற்குத் தெரியும். கொட்டையைத் தொடவில்லை. இரண்டு வெறுங்கையையும் தட்டுக்கு மேலே சேர்த்துத் தூக்கி, அந்தப் பக்கமாக வீசியது. மறுபடி தூக்கி, வீசியது. நின்றது.

பிள்ளை கையை உதறுகிறது என்று நினைத்தேன்.

வாசற்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஆத்தா! பிள்ள காய் போடுதுத்தா!"

எல்லாரும் திரும்பினோம். பேச்சியம்மாள் சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"என்னது?" என்றார்கள் அதிகாரி மேடம்.

"தேங்கா எண்ணுது மேடம். தோப்புல நான் காய் பொறுக்கப் போயிருக்கேன்ல. அங்கன எண்ணுறவரு கைக்கு ஒன்னா ரெண்டு காயை எடுப்பாரு, சேத்து வீசுவாரு. அது ஒரு கை. மொதக் கைக்கு ஒன்னுன்னு சொல்ல மாட்டாரு. லாபம்பாரு. பெறகு ரெண்டு, மூணு. அம்பது கை போட்டா நூறு காயி. முருகேசன் மகளுக்கு அது தெரியாம வேற யாருக்குத் தெரியும்?"

மெகருன்னிசா மேடம் என்னைப் பார்த்தார். "பஞ்சவர்ணம், தட்டை எடுங்க. அஞ்சைக் குவியலாக் கொட்டுங்க. பிள்ளை எடுக்கட்டும்."

கொட்டினேன். யாழினி கைக்கு ஒன்றாக இரண்டு எடுத்தது. வீசியது. "லாபம்." இரண்டு எடுத்தது. வீசியது. "ரெண்டு." ஒன்று பாயில் கிடந்தது. அதை விரலால் ஓரமாகத் தள்ளியது. "உதிரி."

அந்த உதிரியை அது இத்தனை நாளும் மனதுக்குள் தள்ளி வைத்திருக்கிறது. ஒரு கொட்டைக்கு வாய் திறக்காததற்கும் காரணம் அதுதான். ஒரு கை சேரவில்லை. சேராததை எண்ண முடியாது. ஐந்து பெருக்கல் குறியையும் ஜோதி டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்தும் சரி.

"ஐயோ பிள்ள" என்றார் டீச்சர்.

அதிகாரி மேடம் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சந்தோஷம்தான். ஆனா அப்பா சொல்றதக் கேட்டுக் கேட்டு வாய் மட்டும் பழகியிருக்கலாம் இல்லையா? எவ்வளவுன்னு பிள்ளைக்குத் தெரியுதான்னு பார்க்கணும்." நியாயமான பேச்சு. மெகருன்னிசா மேடமும் தலையாட்டினார்.

"ஆயாம்மா, கூடையில எத்தனை கொட்டை இருக்கு?" என்றார்கள் அதிகாரி மேடம்.

"எண்ணுனதில்ல மேடம்."

"யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியாது.

"அப்ப மொத்தமாக் கொட்டுங்க. பிள்ளை சொல்றது சரியா வந்துச்சுன்னா இங்கனயே கையெழுத்துப் போடுறேன். ஜூன்ல பள்ளிக்கூடம் போகட்டும்."

பேனாவையும் தாள்கள் இருந்த கோப்பையும் பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்கள். நான் கூடையைக் கவிழ்த்தேன். குவியல் பெரியது. செல்வி என்னைப் பார்த்தாள். இத்தனையையுமா என்று.

யாழினி பயப்படவில்லை. அதன் முகத்தில் முதல் தடவையாக வேலை செய்கிற ஆளின் களை வந்தது. சம்மணத்தை விட்டுக் குந்த வைத்து உட்கார்ந்தது. எடுத்தது, வீசியது.

"லாபம்... ரெண்டு... மூணு..."

அந்தக் குரல் நாங்கள் கேட்காதது. ராகம் போட்டது. பத்துக்கு ஒரு இழுப்பு. பத்தைத் தாண்டியது. இருபதைத் தாண்டியது. கொட்டைகள் பாயின் அந்தப் பக்கம் சிதறின. கவின் ஒன்றை எடுக்கப் போனான், திவ்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது..."

நின்றுவிட்டது. கையில் இரண்டு கொட்டை. வீசவில்லை. அடுத்த சொல் வரவில்லை.

ஹாரன் அடித்தது. செல்வியின் வாய் திறந்தது. மெகருன்னிசா மேடத்தின் விரல் உயர்ந்தது. செல்வி வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன். பிள்ளை கண்ணை மூடியது. உதடு ஆரம்பத்திலிருந்து அந்த ராகத்தை ஓட்டிப் பார்த்தது.

"நாப்பது!"

கொட்டைகள் போய் விழுந்தன. பிறகு நிற்கவில்லை. ஐம்பது வந்தது. ஐம்பதாம் கையை வீசிவிட்டு அக்கம்பக்கம் தேடியது. எதையோ காணோம்.

"மட்டையத் தேடுது" என்றார் பேச்சியம்மாள். "நூத்துக்கு ஒரு மட்டைய ஓரமா எடுத்து வைப்பாக. கணக்கு மறக்காம இருக்க."

மட்டைக்கு எங்கே போவது. பிள்ளை பார்த்தது. அதிகாரி மேடத்தின் பேனாவை எடுத்தது. மூடியை மட்டும் உருவியது. பேனாவை ஒழுங்காகக் கோப்பின் மேல் வைத்தது. மூடியைப் பாயின் மூலையில் நிறுத்தியது.

"நூறு."

மறுபடி ஆரம்பித்தது. "லாபம்... ரெண்டு..." பதினெட்டு வரை போனது. ஒரே ஒரு கொட்டை மிச்சம். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டது.

"எவ்வளவு யாழினி?" என்றார்கள் அதிகாரி மேடம்.

பிள்ளை மூடியைக் காட்டியது. "நூறு." பாயைக் காட்டியது. "பதினெட்டு கை." கையை விரித்தது. "உதிரி ஒன்னு."

"பதினெட்டு கைன்னா முப்பத்தாறு" என்றாள் திவ்யா.

பேச்சியம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தார். "பெருக்கலா வகுத்தலான்னு கேக்கலையேடி?"

"எதுக்குக் கேக்கணும் பெரியம்மா? கண்ணு முன்னாடி கெடக்குல்ல."

"சரி" என்றார்கள் அதிகாரி மேடம். "எண்ணிப் பார்த்துருவோம்." நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார்கள். ஜோதி டீச்சர் போய் டிரைவரை ஹாரன் அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒருவர் மாற்றி ஒருவர் எண்ணினார்கள். மெகருன்னிசா மேடம் ஒரு நிபந்தனை போட்டார். விடையை வெளியே சொல்லக் கூடாது. எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி வந்தது என்று மட்டும் சொல்லலாம்.

அதிகாரி மேடம் ஒவ்வொன்றாக நகர்த்தி உதட்டுக்குள் எண்ணினார்கள். திவ்யா பத்துப் பத்தாக வரிசை வைத்தாள், பதின்மூன்று வரிசை வந்தது, மிச்சம் ஏழு. பேச்சியம்மாள் ஐந்து ஐந்தாக ஒதுக்கினார். "இருவது அஞ்சு நூறு. ஏழு அஞ்சு முப்பத்தஞ்சு. ரெண்டு கெடக்கு." வாயில் கணக்கை முடித்துவிட்டு, சிலேட்டை எடுத்து மேலும் கீழுமாக எழுதிக் கூட்டினார். கூட்டியதைப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மேடம்" என்றார். "சிலேட்டும் வாயும் ஒன்னாச் சொல்லுது."

"அது ரெண்டும் ஒரே கணக்குதான பேச்சிம்மா."

"இம்புட்டு நாளும் இது எனக்குத் தெரியாதே" என்று சிலேட்டைச் செல்வியிடம் காட்டினார். செல்விக்கு எழுத்து தெரியாது. சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கவின் வந்து எட்டிப் பார்த்தான். பாய் முழுக்கக் கொட்டை. "நெறய" என்றான். அவனையும் யாரும் தப்பு என்று சொல்லவில்லை.

நான் எண்ணவில்லை. கொட்டைகள் உருளாமல் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேர் எழுதியதையும் மெகருன்னிசா மேடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூடியையும் பதினெட்டு கையையும் உதிரியையும் ஜோதி டீச்சர் கூட்டி நான்காவதாக வைத்தார். அதிகாரி மேடம் நாலையும் பார்த்தார்கள். யாழினியைப் பார்த்தார்கள். கன்னத்தைத் தொட்டார்கள்.

செல்வி அப்போதுதான் பேசினாள். "இனிமே லாபம்னு சொல்லக் கூடாதுன்னு அவுக அப்பாகிட்டச் சொல்லிர்றேன் மேடம்."

"அதெல்லாம் வேண்டாம்" என்றார் மெகருன்னிசா மேடம். "லாபமும் இருக்கட்டும். ஒன்னும் படிக்கட்டும். ரெண்டும் ஒரே ஆளுதான்னு மட்டும் சொல்லிக் குடுங்க."

அதிகாரி மேடம் கோப்பைத் திறந்தார்கள். தேனிக்கு அனுப்பும் தாளை உருவி மடித்துப் பையில் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் தாளை எடுத்தார்கள். பேனா கையில் இருந்தது. மூடி பாயின் மூலையில் இருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டினார்கள்.

யாழினி தன் இரண்டு கையாலும் மூடியை மறைத்துக்கொண்டது.

"எடுக்கக் கூடாது."

"ஏன் ஆத்தா? அது என் பேனாவோடதுல்ல?"

"அது நூறு. எடுத்தா கணக்கு போயிரும்."

அந்த அறையில் அன்றைக்குச் சிரித்த மாதிரி நாங்கள் பிறகு சிரித்ததில்லை. அதிகாரி மேடம்தான் முதலில் சிரித்தார்கள். மூடியை விட்டுவிட்டார்கள். மூடி இல்லாத பேனாவாலேயே கையெழுத்துப் போட்டார்கள். பிள்ளை எண்ணிச் சொன்ன எண் என்ற இடத்தில் ஐந்து என்று எழுதும் அளவுக்குத்தான் கட்டம் இருந்தது. கட்டத்தைத் தாண்டி எழுதினார்கள்.

137.